சிங்கப்பூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு ‘வங்கியிலிருந்து’ அழைப்பு வருகிறது. அது மோசடியா என்று அவர்கள் எப்படிக் கண்டுகொள்வது?

ஈசூனில் வசிக்கும் உங்கள் பெற்றோருக்கு வங்கி, காவல்துறை, அமைச்சு என்று பெயர் சொல்லி அடிக்கடி அழைப்பு வருவதாகவும், எதை நம்பலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வழி தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு இத்தகைய ஓர் அழைப்பில் என் தந்தை 9,800 வெள்ளியை இழந்தார். அந்த ஒரு நாளில் நான் கண்டதையும், அதற்குப் பிறகு வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தபோது தெரிந்துகொண்டதையும் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் தந்தை ஏமாளி அல்லர். துறைமுகக் கிடங்கு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவர். மின்சாரக் கட்டணம் சில காசு கூடினாலும் சென்ற மாத ரசீதை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 51,000க்கும் மேற்பட்ட மோசடிகள் பதிவாகி, இழப்பு 110 கோடி வெள்ளியைத் தொட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்கும் குறைந்தவர்கள். ஆனால் ஆளுக்குச் சராசரியாகப் பார்த்தால் முதியவர்கள் இழந்த தொகையே அதிகம். ஆகவே ‘என் அப்பா விவரமானவர், அவரிடம் நடக்காது’ என்று நினைத்து யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

அன்று காலை பத்தரை மணியளவில் ஒரு பெண் அப்பாவை அழைத்து, ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி, அப்பாவின் கடன் அட்டையில் பெருந்தொகைக்கு நகை வாங்கப்பட்டிருப்பதாகக் கூறியிருக்கிறார். ‘அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது’ என்று அப்பா சரியாகத்தான் பதில் சொன்னார். ‘அப்படியானால் யாரோ உங்கள் அடையாள அட்டையைப் பயன்படுத்தி எடுத்திருக்கிறார்கள், உடனே புகார் கொடுக்க வேண்டும்’ என்று அந்தப் பெண் அழைப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். அவருடைய மறுப்பையே அவர்கள் தங்களுக்குச் சான்றாக்கிக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்து வந்தவர் தம்மை, வங்கிகளை மேற்பார்வையிடும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, வாட்ஸ்அப் காணொளியில் முகத்தைக் காட்டி, முத்திரை பதித்த கடிதம் ஒன்றை அனுப்பினார். அதில் அப்பாவின் முழுப்பெயரும் அடையாள எண்ணும் பிழையின்றி இருந்தன. அவர் பெயரில் கள்ளப்பணம் கைமாறியிருக்கிறது என்றும், விசாரணை முடியும்வரை பணத்தைப் ‘பாதுகாப்புக் கணக்குக்கு’ மாற்ற வேண்டும் என்றும், இதைக் குடும்பத்தில் யாரிடமாவது சொன்னால் அவர்களும் விசாரணைக்குள் வருவார்கள் என்றும் அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.

அன்று எனக்கு விடுமுறை. ஒன்றேகால் மணிக்கு மதியச் சாப்பாட்டுடன் அங் மோ கியோ வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்று சைகை காட்டினார். கைப்பேசி மின்னேற்றியில் செருகியபடியே அவர் காதோரம் இருந்தது. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில், கணக்கேட்டில் எழுதும் அதே அச்சுப்போன்ற எழுத்தில், ‘வழக்கு எண்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஏதோ காப்புறுதி விஷயம் என்று நினைத்து நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பிறகு அவர் அலமாரியைத் திறந்து நிரந்தர வைப்புப் பத்திரத்தைத் தேடத் தொடங்கியதும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ‘யாருப்பா அது?’ என்று கேட்டேன். ‘பேசாதம்மா, ஆபீசர் லைன்ல இருக்காரு’ என்றார். கைப்பேசியை வாங்கி அழைப்பைத் துண்டித்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் அது பதினொரு முறை ஒலித்தது. நான் துண்டிப்பதற்கு முன்பே இரண்டு தவணையாக 9,800 வெள்ளி போயிருந்தது. வைப்புத்தொகை மட்டும் தப்பியது.

அழைப்பவர் உண்மையானவரா என்று ஆராயும் வேலையில் உங்கள் பெற்றோர் இறங்கவே வேண்டாம் என்பதுதான் இதிலிருந்து நான் கற்றது. அந்த ஆராய்ச்சியில் மோசடிக்காரர்தான் எப்போதும் வெல்வார், ஏனென்றால் அடையாளம் என்று நாம் நம்பும் எல்லாமே அவரிடம் தயாராக இருக்கிறது. பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் பல வழிகளில் வெளியே போய்விட்டவை. 2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சில நாள்கள் தேடியவர்களுக்குப் பலரின் முழு அடையாள எண்களும் தெரிந்தன. அந்த எண்ணைச் சொல்வதாலேயே ஒருவரை நம்பிவிடக் கூடாது என்று அரசாங்கமே அதன் பிறகு வலியுறுத்தியது. எனவே ‘யார் பேசுகிறார்’ என்பதை விட்டுவிட்டு, ‘என்ன கேட்கிறார்’ என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வது, வங்கிக் கணக்கின் உள்நுழைவு விவரங்களைக் கேட்பது, அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து செயலியை இறக்கச் சொல்வது, அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றுவதாகச் சொல்வது ஆகிய நான்கையும் சிங்கப்பூர் அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் ஒருபோதும் செய்வதில்லை. இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலே போதும், பேச்சை முடித்துவிடலாம்.

இவற்றைவிட எளிதாகப் பிடிபடும் அடையாளம் ஒன்று உண்டு: அவர்கள் உங்களைத் தொலைபேசியை வைக்க விடமாட்டார்கள். உண்மையான வங்கி ஊழியரிடம் ‘நான் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு அழைத்துப் பேசிக்கொள்கிறேன்’ என்றால், நல்லது என்று சொல்லிவிடுவார். மோசடிக்காரருக்கோ அந்த இடைவெளிதான் பெரும் ஆபத்து. இரகசியம், கைது, மகளுக்கும் சிக்கல் என்று அதற்காகவே கதை கட்டுகிறார். என் தந்தை என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்னிடம் மறைத்தார். பாசத்தையே பூட்டாக மாட்டிவிடுகிறார்கள். வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாதவர்கள் 1799 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது மோசடியா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான ஸ்கேம்ஷீல்ட் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்.

எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் 2020 முதல் கூட்டல் குறி இடப்படுகிறது. உள்ளூர் அழைப்பில் அது இருக்காது. ஆகவே கூட்டல் குறியோடு 65 என்று தொடங்கி வந்து ‘நாங்கள் சிங்கப்பூர் வங்கி’ என்றால் எடுக்க வேண்டியதே இல்லை. உங்கள் பெற்றோருக்கு வெளிநாட்டு அழைப்பே வராது என்றால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி அவற்றை முழுதாகத் தடுத்துவிடலாம். ஆனால் உள்ளூர் சிம் அட்டைகளையும் வாட்ஸ்அப்பையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதால், கூட்டல் குறி இல்லை என்பதற்காக ஓர் அழைப்பை நம்பிவிடக் கூடாது.

குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வேறு வகை. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். அந்தச் செய்திகள் வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே போய் விழுந்தன. அதனால்தான் அத்தனை பேர் நம்பினார்கள். வாடிக்கையாளர்களுக்குப் பின்னர் ஈட்டுத்தொகை கிடைத்தது. அதற்குப் பின்பு வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் சொடுக்கும் இணைப்புகளை நீக்கிவிட்டன. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகள் ‘லைக்லி-ஸ்கேம்’ (Likely-SCAM, மோசடியாக இருக்கலாம்) என்ற தலைப்பில் வருகின்றன. 2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள், ஒரு சிலவற்றைத் தவிர, ‘கவ் டாட் எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே பெயரில் வருகின்றன. வங்கி என்று சொல்லிக்கொண்டு வரும் செய்தியில் இணைப்பு இருந்தால், இணைப்பு இருப்பதே அது போலி என்பதற்குச் சான்று.

ஓடிபி, அதாவது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்னுடன் வேலை செய்யும் தோழி ஒருவர், பொட்டலம் நிற்கிறது, 2.40 வெள்ளி கட்டுங்கள் என்று வந்த செய்தியை நம்பி அட்டை எண்ணைக் கொடுத்து, வந்த ஆறு இலக்கத்தையும் உள்ளிட்டுவிட்டார். பிறகு அந்தச் செய்தியை நாங்கள் இருவரும் மறுபடி படித்துப் பார்த்தோம். ‘உங்கள் அட்டையைக் கைப்பேசிப் பணப்பையில் சேர்ப்பதற்கான எண் இது, யாரிடமும் பகிர வேண்டாம்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. மோசடிக்காரர் தம்முடைய கைப்பேசியில் தோழியின் அட்டையைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை, எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்பதை, வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை உங்கள் பெற்றோருக்கு உண்டாக்குங்கள்.

பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியை இந்த வாரமே செய்துவிடுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளும் 2023 நவம்பரில் இதைக் கொண்டுவந்தன. பூட்டிய தொகையை இணையவழியாக யாராலும், கணக்கு வைத்திருப்பவராலும்கூட, எடுக்க முடியாது. நேரில் சென்றுதான் திறக்க வேண்டும். அப்பாவின் அன்றாடச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம். முன்பே செய்திருந்தால் அந்த 9,800 போயிருக்காது.

ஏற்கெனவே பணம் போய்விட்டால், முதலில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள். செயலியிலேயே அவசரமாக முடக்கும் வசதியும் உண்டு. அதன் பிறகு காவல்துறையில் புகார். வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் பணம் நிமிடங்களில் கணக்கு விட்டுக் கணக்கு தாவுகிறது. எங்களுக்கு 1,150 வெள்ளி மட்டுமே திரும்பக் கிடைத்தது. 2024 டிசம்பர் 16 முதல் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இழப்பில் பங்கேற்கும் பொறுப்புக் கட்டமைப்பு நடப்பில் இருக்கிறது. ஆனால் கணக்கு வைத்திருப்பவரே ஒப்புதல் அளித்து அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. அப்பா தம் கையாலேயே அனுப்பியிருந்தார்.

நான் அழைப்பைத் துண்டித்த பிறகும் வெகுநேரம் அவர் என்னோடு வாதாடினார். அந்த ‘அதிகாரி’ உண்மையானவர், நான்தான் விசாரணையைக் கெடுத்துவிட்டேன் என்றார். இப்படி மயக்கம் தெளியாதவர்களுக்காகவே 2025 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. வேறு வழியில்லாதபோது, ஒருவரின் கணக்கிலிருந்து பணம் போகாதபடி 30 நாள் வரை கட்டுப்படுத்துமாறு காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம். தேவைப்பட்டால் நீட்டிக்கவும் செய்யலாம். உங்கள் பெற்றோர் நீங்கள் சொல்வதைக் கேட்க மறுத்தால், தயங்காமல் காவல்துறையிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிமார்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரு வார்த்தை: ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். என் தந்தையின் பணம் முதலில் போய்ச் சேர்ந்ததும் அப்படி ஒருவருடைய கணக்குக்குத்தான். கணக்கையோ, அரசாங்கச் சேவைகளில் நுழைவதற்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸையோ மோசடிக்காரர்களின் கையில் கொடுப்பது இங்கே குற்றம்; கணக்கைக் கொடுத்தவரும் சிறைக்குப் போக நேரிடலாம்.

கடைசியாக, பெற்றோரிடம் பேசும் விதம். செய்தி தெரிந்த அன்று என் அண்ணன் அப்பாவிடம் ‘இத்தனை வயசாகியும் இதுகூடவா தெரியல?’ என்று கத்திவிட்டான். ஐந்து வாரம் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்குக் கட்டணம் 600 வெள்ளி என்று இன்னொரு கும்பல் அழைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் எண்கள் கும்பல்களுக்குள் கைமாறும். அப்பா அதையும் கட்டிவிட்டு, திட்டுக்குப் பயந்து, எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கணக்கு அறிக்கையில்தான் நான் பார்த்தேன். அந்த 600 வெள்ளிக்கு எங்கள் வீட்டுக் கோபமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அறிக்கையைப் பார்த்த அன்று மாலை அவரைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து, ‘வை. மகளைக் கூப்பிடு. 1799’ என்று தம் கையெழுத்தில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். உங்கள் பெற்றோரையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் அவர்கள் அழைத்தால், எத்தனை முறையானாலும், எடுத்துப் பேசுங்கள்.