பார்த்தீரா, கேட்டீரா?

கேள்வி: கடந்த மாதம் என் மகனைக் கொழும்பில் நடந்த ஒரு கழக உதைபந்தாட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், விருந்தினர் அணியின் பின்கள வீரரது தோளிலோ கையிலோ பந்து பட்டது. எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அரங்கு முழுவதும் எழுந்து "கை, கை" என்று கத்த, நடுவர் பெனால்டி கொடுத்துவிட்டார். "நடுவர் பயந்துவிட்டாரா, காசு வாங்கிவிட்டாரா?" என்று மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகன் கேட்ட இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்று உண்டு; பெரும்பாலும் நடப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நடுவரின் கண் பாதியைத்தான் பார்த்திருக்கும், மீதியைச் செவி நிரப்பியிருக்கும்.

இங்கிலாந்தில் ஆய்வாளர் சிலர் இதைச் சோதித்து 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். லிவர்பூல் அணி தன் சொந்த மைதானத்தில் லெஸ்டர் சிட்டியுடன் ஆடிய ஒரு போட்டியின் ஒளிப்பதிவிலிருந்து, வீரர்கள் பந்துக்காக மோதிக்கொண்ட 47 சந்தர்ப்பங்களைத் தெரிவுசெய்து, தகுதி பெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் அரங்கின் இரைச்சலோடு பார்த்தார்கள். மற்றவர்கள் ஒலியே இல்லாமல் பார்த்தார்கள். இரைச்சலோடு பார்த்தவர்கள் லிவர்பூல் அணிக்கு எதிராகச் சொன்ன தவறுகள் 15.5 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மீது எவரும் போத்தல் எறியப் போவதில்லை, அவர்களுடைய வாகனத்தை மறிக்கப் போவதில்லை, அவர்கள் சொல்லும் முடிவால் எந்த அணியும் வெல்லவோ தோற்கவோ போவதுமில்லை. அப்படியிருந்தும் இரைச்சல் தீர்ப்புக்குள் புகுந்துகொண்டது.

நானும் சில ஆண்டுகள் கொழும்புக் கழகப் போட்டிகளில் உதவி நடுவராகக் கொடி பிடித்தவன் என்பதால், இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. நம்முடைய சிறிய மைதானங்களில் பக்கக் கோட்டுக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு எட்டுத் தூரம்கூட இராது. கம்பி வேலியில் விரல்களைக் கோத்து நிற்பவரின் மூச்சு பிடரியில் படும். ஒரு பிற்பகல், பந்து கோட்டைத் தாண்டுமுன் கடைசியாக யார் காலில் பட்டது என்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வீரரின் முதுகு மறைத்திருந்தது. பின்னாலிருந்து ஐம்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன, என் கொடியும் அவர்கள் சொன்ன பக்கமே எழுந்தது. இடைவேளையில் பிரதான நடுவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி, "தம்பி, பார்த்தீரா, கேட்டீரா?" என்று மட்டும் கேட்டார். அந்த நொடிவரை நான் பார்த்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

தெளிவாகத் தெரிந்ததை இரைச்சல் மாற்றுவது அரிது. நடுவரின் தற்றுணிபுக்கு விடப்பட்ட இடங்களில்தான் அது வேலை செய்கிறது. ஸ்பெயினின் முதற்தர லீக் போட்டிகளை ஆராய்ந்து பொருளியலாளர் மூவர் 2005 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சொந்த மைதானத்து அணி ஒரு கோலால் பின்தங்கியிருக்கும்போது நடுவர்கள் கொடுத்த உபாதையீட்டு நேரம் (ஆட்டத்தில் வீணான நேரத்துக்கு ஈடாக இறுதியில் சேர்க்கும் நிமிடங்கள்), அதே அணி ஒரு கோலால் முந்தியிருக்கும்போது கொடுத்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

கேள்வி: காணொளி உதவி நடுவர் முறை வந்த பிறகும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் சர்ச்சை ஏன் ஓயவில்லை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு வகைச் சர்ச்சை ஏறக்குறைய ஓய்ந்தேவிட்டது. 2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் பிராங்க் லம்பார்ட் அடித்த பந்து, குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது, கோல் வழங்கப்படவில்லை. 2012 இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று பந்து முழுமையாகக் கோட்டைக் கடந்தால் நடுவரின் கைக்கடிகாரம் ஒரு நொடிக்குள் அதிர்ந்து சொல்லிவிடும்.

ஆனால் ஒரு மோதல் எவ்வளவு கடுமையானது, கை இயல்பான நிலையில்தான் இருந்ததா என்பவற்றைக் கடிகாரம் சொல்லாது. 2018 இல் காணொளி உதவி விதிகளில் சேர்க்கப்பட்டபோது, ஓர் அறையிலிருந்து ஒளிப்பதிவைப் பார்க்கும் நடுவர், கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கு விடயங்களில், தவறு வெளிப்படையாக இருந்தால் மட்டுமே குறுக்கிட வேண்டும் என்று வகுக்கப்பட்டது. எது வெளிப்படை என்பதை அந்த மனிதர்தான் தீர்மானிக்கிறார், அவரும் தவறுவார். 2023 செப்டெம்பர் 30 அன்று டொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலைக் களத்தில் ஓஃப்சைட் (எதிரணிப் பின்கள வீரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தைப் பெற்ற தவறு) என்று மறுத்தார்கள். காணொளி அறையில் இருந்தவரோ களத்தில் கோல் வழங்கப்பட்டதாக எண்ணி, முடிவு சரி என்று சொல்லிவிட, ஆட்டம் தொடர்ந்துவிட்டது. பிறகு திருத்த வழியிருக்கவில்லை. தம் முடிவை மீளப் பரிசீலிக்கக் களத்தோரத் திரையைப் பார்க்க நடுவர் ஓடும்போதும் அரங்கின் கூச்சல் அவர் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ரசிகர்கள் கத்தவே கூடாது என்கிறீர்களா?
– வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை. கத்தாத அரங்கு எப்படியிருக்கும் என்பதை, 2020 மே 16 அன்று ஜெர்மனியின் முதற்தர லீக்கான புண்டஸ்லிகா, கொரோனா முடக்கத்துக்குப் பின் வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது பார்த்தோம். விருந்தினர் அணிகளுக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் குறைந்தன. அந்த அளவுக்கு நியாயம் கூடியதென்றே சொல்லலாம். ஆனாலும் அந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்க்க எனக்கு மனமில்லை.

நான் அஞ்சுவது கூச்சலுக்கு அப்பால் நடப்பதை. சுவீடன் நடுவர் ஆண்டர்ஸ் பிரிஸ்க், 2004 இல் ரோமில் அரங்கிலிருந்து எறியப்பட்ட பொருள் பட்டுத் தலையில் இரத்தம் வழிய நின்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில், பார்சிலோனா – செல்சி போட்டிக்குப் பின் வந்த கொலை மிரட்டல்களால் நடுவர் பணியையே விட்டு விலகினார். 2023 டிசம்பரில் துருக்கியில் ஒரு கழகத்தின் தலைவரே மைதானத்தில் இறங்கி நடுவரின் முகத்தில் குத்தினார். நம்முடைய சிறிய மைதானங்கள் பலவற்றில் நடுவரும் ரசிகர்களும் ஒரே வாசலால்தான் வெளியேறுகிறார்கள். ஆட்டம் முடியும்வரை தாராளமாகக் கத்துங்கள். அந்த வாசலில் வைத்து, தோளில் பையோடு தனியே போகும் மனிதரைப் பார்த்து "காசு வாங்கியவன்" என்று மட்டும் கத்தாதீர்கள். வெள்ளவத்தை வாசகரும் தம் மகனுக்கு இதையே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.