மெஷின் தெரிந்தால் போதுமா? லைன் சூப்பர்வைசருக்கு ஆட்களை நடத்தத் தெரிய வேண்டுமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருடம் பேட்லாக் (அடிமடிப்பு தைக்கும் பிளாட்லாக் மெஷின்) ஓட்டியவரை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். தொழில் அத்தனையும் அத்துபடி. ஆட்களை நடத்துவதையும் தனியாகக் கற்க வேண்டுமா?

கட்டாயம். லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், நடப்பதில் பாதி சூப்பர்வைசர் கண்ணில் படாது. டெய்லரோ, அவருக்குக் கூடமாட உதவும் கைமடி அக்காவோ வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்ல வைப்பதுதான் உங்கள் புது வேலை.

ஊசி உடைவதையே பாருங்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் பீஸ்களைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கி, ஓட்டுகிறவருக்கு இது காசு வராத நேரம். அதற்கு மேல் நீங்களும் கத்தினால், அடுத்த தடவை எங்காவது பதுக்கி வைத்த ஊசியை மாட்டிக்கொண்டு பேசாமல் ஓட்டிவிடுவார். துண்டு ஏதோ ஒரு குழந்தையின் டி-ஷர்ட் தையலுக்குள் போயிருக்கும். அதனால் ஊசி உடைந்தது என்றதும் முதலில் கேட்க வேண்டியது, "கையில குத்திருச்சுங்களா?" பிறகு நீங்களும் குனிந்து தேடுங்கள்.

லைனைச் சுற்றி வந்து பார்க்கும் ரோமிங் செக்கிங்கில் 7 பீஸ் பார்த்து, தப்பு இருக்கிறது என்று மெஷினில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டால், எல்லார் முன்னாலும் சத்தம் போடாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. தப்பு அந்த டெய்லருடையதாகவே இல்லாமல் போகலாம். முன்னால் ஓவர்லாக் (விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கும் மெஷின்) அடித்தவர் விளிம்பை ஒரு பக்கம் கூடுதலாக வெட்டிவிட்டால் பேட்லாக்காரர் என்ன செய்தாலும் அடிமடிப்பு கோணத்தான் செய்யும். பீஸைக் கையில் கொடுத்து, "எதனால இப்படி வருது?" என்று கேளுங்கள். பல நேரம் காரணம் அவருக்கே தெரிந்திருக்கும். பாராட்டும்போதும் குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்பதை யாரும் மதிப்பதில்லை. "கழுத்துப் பட்டியோட ரிப் ஜாயிண்ட் எல்லாப் பீஸிலும் ஒரே இடத்துல விழுந்திருக்கு" என்றால் நிஜமாகவே பார்த்திருக்கிறீர்கள் என்று புரியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, ஆலைச் சூப்பர்வைசர்களுக்கு இதை ஒரு பாடமாகவே நடத்தியது. 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற அந்தத் திட்டத்தில் ஆட்களை நடத்தும் பயிற்சி மட்டும் 10 மணி நேரம். நடந்ததை முழுசாக விசாரி, யோசித்து முடிவெடு, செயல்படு, பலித்ததா என்று திரும்பிப் பார் என்று நான்கு படிகளைச் சட்டைப் பையில் வைக்கிற அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆட்களைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே சொல் என்பதும் அதே அட்டையில் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் மீறப்படுவது இதுதான். ஒன்றரை ஷிப்ட் ஓட வேண்டும் என்பதை மாலை ஐந்து மணிக்குச் சொன்னால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய பெண் என்ன செய்வார்? காலை டீ நேரத்திலேயே சொல்லுங்கள். ஸ்டைல் மாறுகிறதென்றால் புது ரேட்டை முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்துத் தெரிந்துகொள்ள விட்டால், திங்கட்கிழமை நாலு மெஷின் காலியாக நிற்கும்.

ஒடிசா, பீகார் ஆட்கள் தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் ஆட்கள் தலையாட்டினாலும்தான். ஒரு பீஸை நீங்கள் தைத்துக் காட்டி, அடுத்ததை அவர்களைத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். பெண்களை வாடி, போடி என்பது அடியோடு கூடாது.

கடைசியாக ஒன்று. நேற்று வரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்த நண்பர் இன்று உங்கள் லைனில் இருப்பார். சுலபமாக ஓடும் பண்டல் (தைக்க வரும் துணிக் கட்டு) யாருக்குப் போகிறது என்று லைன் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கு எத்தனை பண்டல் என்பதைப் போர்டில் எழுதிப் போடுங்கள். உங்களுக்கும் இதே கணக்குதான் என்று நண்பரிடம் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், பதவி வந்ததும் ஒதுக்கிவிட்டான் என்றுதான் நினைப்பார்.