நாகப்பட்டினம் வீட்டில் 2 தடவை பூசியும் வெடிக்கும் வாசல் படி

வாசலில் உள்ள 3 கான்கிரீட் படியும் 2 தடவை பூசியும் வெடிக்கிறது, மறுபடி பூசலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றாவது தடவை பூசாதீர்கள், உடைத்துப் புதிதாகப் போடுங்கள். வெடிப்பிலிருந்து பழுப்புக் கறை வடிகிறது என்கிறீர்களே, அது உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேலே எதைப் பூசினாலும் தள்ளி உடைத்துவிடும்.

உறுதி செய்ய, படியின் விளிம்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே கொத்தி, கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்; கடற்கரைக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது 45 மி.மீ., நம் ஊர் வேலைகளில் பாதிகூட இருப்பதில்லை.

சரி, புதிதாகப் போடும்போது என் யோசனை: தரையில் உட்காரும் 3 படிக்குக் கம்பியே தேவையில்லை, நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய மண்ணின்மேல் வெறும் கான்கிரீட் போதும், கம்பி இல்லாவிட்டால் துருப்பிடிக்க எதுவுமில்லை. கடல் மணலைத் தொடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் கலக்கவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்கி 10 நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

ஒன்று மட்டும், பழைய படியின் கம்பி வீட்டுப் பீமுக்குள் போயிருந்தால் பொறியாளர் பார்க்காமல் உடைக்க வேண்டாம்.