பெயின்ட் டப்பாவைக் கீழே வையுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

(ரயில்வே பணிமனை ஒன்றின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய நீராவி எஞ்சின்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

எங்கள் ஊர் ரயில் நிலைய வாசலில் ஒரு மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் பளபளவென்று பெயின்ட் அடிக்கிறார்கள். ஆனாலும் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு வருகிறது. என்ன காரணம்?
– வாசகர், திண்டுக்கல்

பெயின்ட்தான் காரணம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பூசும் பெயின்ட், துருவுக்குப் பாதுகாப்பு; எஞ்சினுக்கு அல்ல. ஏழெட்டுப் பூச்சு ஏறிய இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் அங்கே பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வழி புகைபோக்கி. ஓடுகிற எஞ்சினில் அதன் வழியே புகையும் நீராவியும் வெளியே போகும். நிற்கிற எஞ்சினில் மழை உள்ளே இறங்கும். கீழே புகைப்பெட்டியில் பழைய கரித்தூளும் சாம்பலும் கிடக்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அந்தச் சாம்பல் நனைந்தால் அமிலம் ஊறும். புகைப்பெட்டியின் அடித்தகடு முதலில் போவது இதனால்தான். இரண்டாவது வழி, கொதிகலனைச் சுற்றிய மேல்தகடு. நீங்கள் வெளியே பார்க்கும் அந்த உருண்டை, கொதிகலன் அல்ல; அதற்குப் போர்த்திய சட்டை. சட்டைக்கும் கொதிகலனுக்கும் இடையில் வெப்பம் போகாமலிருக்க வைத்த பொருள், மழைநீரைக் குடித்துவிட்டுக் கோடை வரை கக்காது. மூன்றாவது, எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரின் தண்ணீர்த் தொட்டி. மூடி திறந்தே கிடக்கும். கொசுவுக்குக் கொண்டாட்டம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி. புகைப்பெட்டிக் கதவைத் திறந்து சாம்பலை முழுக்க வாரி எடுப்பது. கொதிகலனின் அடியில் உள்ள கழுவு துளைகளின் அடைப்பான்களைக் கழற்றித் திறந்தே வைப்பது. தொட்டியில் வடிகால். இணைப்புத் தண்டுகளுக்கு கிரீஸ். முடிந்தால் மேலே ஒரு கூரை. கூரைக்கு ஆகும் செலவைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அதே ஆட்கள் வருடா வருடம் பெயின்ட்டுக்குப் பில் போடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் அந்தச் சட்டைக்கு உள்ளே இருப்பது கல்நார். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரக்கூடியது. தொண்டு செய்கிறோம் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து அந்தத் தகட்டைப் பிரிக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள், உரிய கவசம் அணிந்து செய்ய வேண்டிய வேலை.

நீராவி எஞ்சின் வெடிக்குமா?
– வாசகி, கரூர்

வெடிக்கும். கரி எரியும் பெட்டிக்கு ஃபயர்பாக்ஸ் என்று பெயர். அதன் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அடியில் நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை தகடு தாங்கும். மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் அது செஞ்சூடேறி இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். அப்போது வெளியேறுவது உள்ளே இருக்கும் நீராவி மட்டும் அல்ல. சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. அழுத்தம் போன கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகப் பொங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும்.

இதைத் தடுக்கத்தான் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு திருகு இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் முதலில் ஈயம் உருகும். அந்த ஓட்டை வழியே நீராவி நெருப்பின்மேல் சீறி, எஞ்சின் ஆட்களை எச்சரிக்கும். அது கடைசிக் காவல். முதல் காவல், கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தை விட்டுக் கண்ணெடுக்காத ஃபயர்மேன், அதாவது கரி அள்ளிப் போடுகிறவர்.

நின்றுபோன எஞ்சினை மறுபடி ஓட வைக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவார்கள்? எனக்குத் தெரிந்தவரை சக்கரமும் பிஸ்டனும்தானே முக்கியம்?
– பொறியியல் மாணவர், கோவை

தம்பி, சக்கரமும் பிஸ்டனும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. காசையும் காலத்தையும் தின்பது கொதிகலன்.

முதலில் அதை எஞ்சினின் அடிச்சட்டத்திலிருந்து கழற்றி, சட்டையை உரித்து, உள்ளே இருக்கும் புகைக்குழாய்களை எல்லாம் உருவ வேண்டும். நெருப்பின் சூடான வாயு இந்தக் குழாய்களுக்குள் ஓடும்; தண்ணீர் வெளியே சூழ்ந்து நிற்கும். பழைய குழாயைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம். புதிதே போட வேண்டும். பிறகு தகட்டின் கனத்தை ஓர் அடிக்கு ஓர் இடம் என்று கட்டம் போட்டு அளக்க வேண்டும். இன்று அதற்கு அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. நாங்கள் வேலை கற்ற காலத்தில் சுத்தியும் காதும்தான். கருவி வந்த பிறகும் எங்கள் மேஸ்திரி ஒருமுறை தட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

அடுத்தது ஸ்டே போல்ட். ஃபயர்பாக்ஸின் உள்சுவரும் வெளிச்சுவரும் பிதுங்காமல் இழுத்துப் பிடிக்கும் இந்தப் போல்ட்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. இரண்டு சுவரும் ஒரே அளவு சூடாவதில்லை. ஒரே அளவு நீள்வதும் இல்லை. ஒவ்வொரு முறை நெருப்புப் போடும்போதும் அணைக்கும்போதும் போல்ட் கொஞ்சம் வளைந்து நிமிரும். ஒரு நாள் ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. அதற்காகவே முனையிலிருந்து உள்ளே சன்னமாக ஒரு துளை போடும் வழக்கம் உண்டு. ஒடிந்தால் அந்தத் துளை வழியே நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். அந்தக் கசிவு அசிங்கமாக இருக்கிறது என்று துளையை அடைத்து வைத்த கெட்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு சோதனை. வேலை அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில், ஆனால் தண்ணீரில். நீராவியோ காற்றோ அழுத்தினால் சுருங்கி, விட்டால் பாயும். தண்ணீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. அதனால் எங்காவது விரிசல் விட்டால் பீய்ச்சி அடிக்குமே தவிர ஆளைத் தூக்கி எறியாது. அதில் தேறிய பிறகுதான் நெருப்பு. அதுவும் மெதுவாக. குளிர்ந்த கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கினால் மேல்பக்கம் நீண்டு, அடிப்பக்கம் நீளாமல் நிற்க, போட்ட புதுக் குழாய்களின் மூட்டெல்லாம் கண்ணீர் விடும். பெரிய எஞ்சினுக்கு முதல் நாளே நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஆள் காவல் இருப்பார்கள்.

சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன் வெளிவளையம் தனித் துண்டு. அதை நெருப்பில் சூடாக்கி விரியச் செய்து சக்கரத்தில் மாட்டுவார்கள். ஆறியதும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லரைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் பாதி பாடம் முடிந்தது.

சென்னையில் ஓடிய ஈ.ஐ.ஆர்.21 எஞ்சின் 1855-இல் செய்தது என்கிறார்கள். பழுது பார்த்தபோது பல பாகங்கள் புதிதாகப் போட்டார்களாமே. பிறகு அதை 1855 எஞ்சின் என்பது ஏமாற்று அல்லவா?
– வாசகர், பெரம்பூர்

பெரம்பூரிலிருந்தே இந்தக் கேள்வி வருகிறது, பாருங்கள்!

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்ஸன், தாம்ஸன், ஹியூவிட்சன் கம்பெனி செய்த எஞ்சின் அது. கிழக்கிந்திய ரயில்வேக்காக வந்தது. அதன் கூடப்பிறந்தது ஃபேரி குவீன். அதன் எண் 22. ஈ.ஐ.ஆர்.21 வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு பல பத்தாண்டுகள் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனை அதை எடுத்து, 2010-இல் மறுபடி நீராவியில் ஓட்டியது. ஃபேரி குவீன் அதற்கு முன்பே, 1997-இல் டெல்லி–ஆல்வார் பாதையில் ஓடத் தொடங்கி, வழக்கமாக ஓடும் எஞ்சின்களிலேயே உலகில் மிகப் பழையது என்று 1998-இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது.

இப்போது உங்கள் குற்றச்சாட்டு. எந்த நீராவி எஞ்சினும் பிறந்த உடம்போடு ஓய்வு பெற்றதில்லை. குழாய் தேயும், மாற்றுவோம். சக்கர வளையம் தேயும், மாற்றுவோம். பெரிய பழுதுக்கு வந்த எஞ்சினுக்கு, தயாராக இருக்கும் வேறொரு கொதிகலனைப் பொருத்தி அனுப்புவது பணிமனைகளில் அன்றாட வழக்கம். மாற்றுவதே அந்த எஞ்சினின் வாழ்க்கை. ஆகவே புதுப் பாகம் போட்டதற்காக நான் கோபப்பட மாட்டேன்.

நான் கோபப்படுவது வேறு இரண்டுக்கு. கழற்றிய பழைய பாகத்தை இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைக்காததற்கு. 1855-இன் இரும்பு எப்படி அடிக்கப்பட்டது, ரிவெட் எந்த இடைவெளியில் வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பழைய தகட்டில்தான் இருக்கிறது. ஓட்டுவதற்குப் புதிய தகடு போடுங்கள். பழையதை எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டி, பக்கத்து அறையில் வையுங்கள்.

எல்லா எஞ்சினையும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்சியும் எனக்கு ஒப்பில்லை. ஒரே ஒரு எஞ்சின்தான் மிச்சம், அதன் பாகங்கள் எல்லாம் அசல் என்றால், அதைக் கூரைக்குக் கீழே நிறுத்திவிடுவதே நல்லது.

ஊட்டி மலை ரயிலில் இப்போது ஓடும் எஞ்சின்களில் சில புதியவை என்று கேள்விப்பட்டு ஏமாற்றமாக இருந்தது. உண்மையா?
– வாசகி, ஈரோடு

உண்மை. ஏமாற வேண்டாம் அம்மா. எனக்கு அதைவிடப் பெருமை தரும் செய்தி வேறில்லை.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் ஓடும் ‘எக்ஸ்’ ரக எஞ்சின்களை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தார்கள். 1914 முதல் 1952 வரை வந்தவை அவை. அந்தப் பாதையில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற வேண்டிய இடம் இருக்கிறது. வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல்தண்டவாளம் போட்டு, எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். ஏற்றத்தில், அந்த இரண்டும் பயன்படுத்திய நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவியில் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் எஞ்சினைப் பார்க்கிறவர்கள், அடியில் நடக்கும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சுவிஸ் எஞ்சின்களுக்கு வயதாகி, பாகமும் கிடைக்காத நிலையில், திருச்சி பொன்மலைப் பணிமனை அதே ரகத்தைத் தானே செய்யத் துணிந்தது. 2011 முதல் எண்ணெயில் எரியும் நான்கு எஞ்சின்கள் வந்தன. 2021-இல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் இடம் மாறி வந்த பணிமனை அது. டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்ட ஓர் இடம், மறுபடி நீராவி சிலிண்டரை வார்த்துக் கடைந்து, கொதிகலன் கட்டி, மலையில் ஏற்றிக் காட்டுவது லேசுப்பட்டதா? யுனெஸ்கோ 2005-இல் அந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. எஞ்சின் செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தால்தான் அந்தப் பட்டம் செல்லுபடியாகும்.

வெளிநாடுகளில் பொதுமக்களே சேர்ந்து எஞ்சின்களைக் காப்பாற்றுகிறார்களாமே? நம்மால் ஏன் முடியவில்லை?
– வாசகர், தஞ்சாவூர்

வேல்ஸில் தாலிலின் என்ற குட்டி ரயில் பாதையை 1951-இல் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். அங்கிருந்து அந்தப் பழக்கம் பரவியது. அதே வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில் ஒரு பழைய இரும்பு வியாபாரி, உடைப்பதற்காக 297 எஞ்சின்களை வாங்கினார். சரக்குப் பெட்டிகளை உடைப்பதிலேயே வேலை சரியாக இருந்ததால் எஞ்சின்களைத் தள்ளிப்போட்டார். கடற்காற்றில் அவை துருவேறி நின்றன. 1968-இல் முதல் எஞ்சினை ஒரு குழு விலை கொடுத்து மீட்டது. 1990-க்குள் 213 எஞ்சின்கள் தப்பின. சிலவற்றை ஓட்டத்துக்குக் கொண்டுவர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. தந்தை தொடங்கியதை மகன் முடித்த கதைகள் உண்டு.

நம் ஊரில் எஞ்சின்கள் அரசுச் சொத்து. வாரக் கடைசியில் ஸ்பேனரோடு உள்ளே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆனால் அகலப்பாதையில் நீராவி ஓய்ந்ததே 1995-இல்தான். அதை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். பேச்சைப் பதிவு செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். எந்த எஞ்சினுக்கு எந்த இடத்தில் விரிசல் விடும், எந்தக் கரிக்கு எப்படி அள்ளிப் போட வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

என் பேரனுக்கு ஓடும் நீராவி எஞ்சினைக் காட்ட வேண்டும். எங்கே போவது?
– வாசகர், சேலம்

மேட்டுப்பாளையம். டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் எஞ்சின்களைக் கிட்டே நின்று பார்க்க, சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

என் தந்தை ஃபயர்மேனாக இருந்தவர். அவருடைய பித்தளைக் கைவிளக்கு, கரிவாரி, ஒரு பழைய விதிப் புத்தகம் மூன்றும் வீட்டில் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, விழுப்புரம்

விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண், முத்திரை, ரயில்வேயின் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து போகும். மென்துணியால் துடைத்தால் போதும். உள்ளே பழைய எண்ணெய் இருந்தால் கொட்டிவிடுங்கள். திரியை அப்படியே விட்டுவிடுங்கள். கரிவாரியின் துருவைக் கம்பித் தூரிகையால் லேசாக எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். மரக் கைப்பிடி வழவழப்பாக இருந்தால் அது அவர் கைபட்டது. அதற்கு வார்னிஷ் வேண்டாம். புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் தங்கும். பருத்தித் துணியில் சுற்றி, பக்கங்களைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஓரங்களில் பென்சிலால் ஏதாவது குறித்திருந்தால் அந்தப் பக்கங்களின் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.