கல்லுக்குள் என்ன இருக்கு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகியின் கழுத்தில் அவள் அம்மா விட்டுப்போன ஒரு டாலர். அதிலிருக்கும் பச்சைக் கல்லை அழுத்தினால் இன்னொரு கிரகத்துக்கு வாசல் திறக்கும். படித்த நண்பர்கள் எல்லாரும் இது மந்திரக் கதை என்கிறார்கள். குவாண்டம் பற்றி இரண்டு பத்தி சேர்த்துக் கொடுத்தேன், அப்பவும் அதையேதான் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த இரண்டு பத்தியையும் எடுத்துவிடுங்கள். உங்கள் டாலர் எப்போது வேண்டுமானாலும், யார் அழுத்தினாலும், எத்தனை தடவை அழுத்தினாலும் வேலை செய்கிறது. மந்திரமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், விளக்கம் போதாமல் இல்லை. அதனால் எதெல்லாம் முடியாது என்று எழுத ஆரம்பியுங்கள், வாசகர் தானாக நம்பத் தொடங்குவார்.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஈ.ஈ. ஸ்மித்தின் ‘லென்ஸ்’. 1937-ல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் தொடங்கிய ‘கேலக்டிக் பேட்ரோல்’ தொடரில் ரோந்துப் படை வீரர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஒளிரும் கல் அது. மனசோடு மனசு பேச வைக்கும், வேற்றுக் கிரகத்தார் சொல்வதைப் புரிய வைக்கும். பெரிய சக்திதான், ஆனால் படித்து முடித்த பிறகு மனசில் நிற்பவை அதன் கட்டுப்பாடுகள். ஒவ்வொரு லென்ஸும் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்யப்பட்டது, அவர் கையில் இருக்கும்போது மட்டும் ஒளிரும், கழற்றி வைத்ததை வேறொருவர் எடுத்து மாட்டினால் உயிர் போய்விடும், உரியவர் இறந்தால் கல்லும் சிதைந்துபோகும். இத்தனைக்கும் அந்தக் கதை உலகத்தில் முதலில் தேவைப்பட்டது யாராலும் போலி செய்ய முடியாத ஓர் அடையாளச் சின்னம், அவ்வளவுதான்! இவ்வளவு கறாரான பொருள் என்பதால் அது மனசைப் படிக்கிறது என்றால்கூட நாம் ஒத்துக்கொள்கிறோம்.

அப்புறம் இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அது ஏன் டாலராக இருக்க வேண்டும்? அதைப் பேனாவாகவோ சாவிக்கொத்தாகவோ மாற்றினாலும் கதை அப்படியே ஓடும் என்றால் நகை அங்கே சும்மா தொங்குகிறது என்று அர்த்தம். நகை நாள் முழுக்கத் தோலில் பட்டுக்கொண்டிருக்கும், தூங்கும்போதும் கூடவே இருக்கும், இதை ஏன் போட்டிருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஒருவர் போன பிறகு அடுத்தவர் கழுத்துக்கு வரும். இதில் ஏதாவது ஒன்றில் கதையைக் கட்டிப்போடுங்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: வாசல் டாலருக்குள் வேண்டாம், அது வேறெங்கோ இருக்கட்டும். போட்டிருப்பது யார் என்று அந்த வாசலுக்குச் சொல்வது மட்டும் டாலரின் வேலை. இத்தனை வருஷம் அம்மாவின் உடம்புச் சூட்டையும் நாடித்துடிப்பையும் பழகிய பொருள் இப்போது மகள் கழுத்தில் இருக்கிறது. வாசல் திறக்குமா?

கேள்வி: கம்மலுக்குள் உளவுக் கருவி, மோதிரத்துக்குள் ரேடியோ என்று கதையில் எழுதுகிறோம். அவ்வளவு சின்ன இடத்தில் பேட்டரியை எங்கே வைப்பது?

பதில்: பேட்டரியே வேண்டாம் என்று ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். 1945-ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசுச் சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது தூதரின் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. 1952-ல்தான் உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் வடிவமைத்தது. பேட்டரி, ஒயர் எதுவும் கிடையாது. ஓர் உலோகக் குழி, அதன் வாயில் மெல்லிய சவ்வு, கூடவே ஒரு சின்ன ஆன்டெனா, மொத்தமே இவ்வளவுதான். அறையில் பேசினால் சவ்வு அதிரும். வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அந்த அதிர்வைச் சுமந்துகொண்டு அலை திரும்பி வரும். அலை வராத நேரத்தில் அது வெறும் உலோகம், ரேடியோ அலையைத் தேடும் சோதனையில் சத்தமே காட்டாது. கதைக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் சக்தி எதிராளி கையில் இருக்கிறது. நகையைப் போட்டிருப்பவருக்கே உள்ளே இருப்பது தெரியாமல் போகலாம்.

சக்தி உள்ளேயேதான் இருக்க வேண்டும் என்றால் வைரத்தையே பேட்டரியாக்கிவிடுங்கள். கதிரியக்கக் கார்பன்-14 வைத்துச் செய்த வைர பேட்டரியை பிரிட்டனில் 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். கார்பன்-14 பாதியாகக் குறையவே சுமார் 5,700 வருஷம் ஆகும், அதன் கதிர்வீச்சை வைரமே வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில்தான் (ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவாட்), கதிர்த் துப்பாக்கிக்கெல்லாம் வழியில்லை. பல மாதம் துளித்துளியாகச் சேர்த்து ஒரே ஒரு செய்தி அனுப்பும் மோதிரம் என்று வையுங்கள். அந்த ஒரு செய்தியை எப்போது அனுப்புவது என்று உங்கள் பாத்திரம் தவிக்குமே, அதை எழுதுங்கள்.

இன்னொன்று. நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் மூடிய உலோகப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோ அலை வெளியே வராது. அப்படியானால் படம் வைக்கிற லாக்கெட் மூடியிருந்தால் ஊமை, திறந்தால் பேசும். பார்ப்பவருக்கு அவள் லாக்கெட்டைத் திறந்து யாரோ ஒருவரின் படத்தைப் பார்த்துக் கலங்குகிறாள், உண்மையில் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. தனியாக ஸ்விட்ச் எதுவும் வேண்டாம்.

கேள்வி: கருவியை ஒளிக்காமல் கல்லே கருவியாக இருக்க முடியுமா? நிஜத்தில் அப்படி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான். உலகத்தின் முதல் லேசர் ஒளி வந்ததே மாணிக்கத்திலிருந்துதான். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கத் தண்டைச் சுற்றி ஃபிளாஷ் விளக்கை வைத்து மின்னவிட்டார். மாணிக்கத்துக்குச் சிவப்பு நிறம் தருவது கொஞ்சூண்டு குரோமியம், லேசரின் சிவப்பு ஒளியைத் தந்ததும் அதே குரோமியம்தான்.

வைரம் இன்னும் ஆச்சரியம். அதன் கார்பன் வரிசையில் ஓரிடத்தில் நைட்ரஜன் அணு உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், பச்சை ஒளி பட்டதும் அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். நுண்ணலையையும் (மைக்ரோவேவ்) சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சிவப்பின் பிரகாசம் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு ஏற்றபடி மாறும். குளிர்விக்கத் தேவையில்லை, சாதாரண அறை வெப்பத்திலேயே நடக்கும், ஆய்வுக்கூடங்களில் காந்த உணரியாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள். குறைதான் இங்கே வேலை செய்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் கதையில் வரும் நகைத் திருடன் சுத்தமான கல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, குறையுள்ளதை மதிப்பில்லை என்று விட்டுவிட்டுப் போகலாம்.

கேள்வி: எதிரே இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று காட்டும் மோதிரம் சாத்தியமா?

பதில்: இன்றைய ஸ்மார்ட் மோதிரங்கள் விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் ஏறி இறங்குவதைத் திரும்பி வரும் ஒளியிலிருந்து கணக்கிடுகின்றன. அதுவும் போட்டிருப்பவரின் துடிப்பைத்தான். கை குலுக்கும்போது எதிராளியின் துடிப்பையும் பிடிக்கிறது என்று கற்பனையில் ஒரு படி மேலே போகலாம். ஆனால் நெஞ்சு படபடப்பது பொய்யாலா, பயத்தாலா, காதலாலா என்று எந்தத் துடிப்பும் சொல்லாது. மோதிரம் எண்ணை மட்டும் சொல்லட்டும், உங்கள் நாயகன் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: ரகசியத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்தால்தானே அதிர்ச்சி இருக்கும்?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாருங்கள். நகைக்குள் ஒளிந்திருக்கும் பொருள் கதையையே தீர்மானிக்கிற காட்சி அதைவிடப் பெரிதாக நம்மிடம் எது இருக்கிறது? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலிலேயே சொல்லிவிடுகிறாள், தங்களுடையது முத்து என்று பாண்டியனும் சொல்லிவிடுகிறான். சிலம்பு உடைவதற்கு முன்பே எல்லாம் வெளியே வந்துவிட்டது, ஆனாலும் அது உடையும் வரை நாம் மூச்சுவிடுவதில்லை. இரண்டில் ஒன்றுதான் நிஜம், மாணிக்கம் என்றால் ஒரு உயிர் அநியாயமாகப் போயிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் வரும் பதற்றம் அது. உங்கள் மோதிரம் என்ன செய்யும் என்பதை இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அது வேலை செய்தால் யார் எதை இழப்பார்கள் என்பதை அதற்குப் பிறகு நிதானமாக எழுதலாம்.