பிங்க் கவரா, கறுப்பு கவரா: புரோக்கர் பேச்சில் மயங்க வேண்டாம்

தடாவில் சின்னதாகப் பேக்கிங் யூனிட் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு, சர்க்யூட் போர்டு வைக்கும் கவர் சப்ளை செய்கிறேன். புரோக்கர் ஒருவர் பிங்க் ரோலைக் காட்டி, 'இது கண்டக்டிங் பாலிமர், நோபல் பரிசு வாங்கிய சரக்கு, எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்டாட்டிக் (உரசலில் சேர்ந்து போர்டைக் கெடுக்கும் மின்சாரம்) வராது' என்கிறார். விலை இரண்டு மடங்கு. லேப் ரிப்போர்ட்டும் இருக்கிறது. வாங்கலாமா?"

அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

நோபல் பரிசு நிஜம்தான். ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1977இல் பாலிஅசெட்டிலீன் என்ற பிளாஸ்டிக் படலத்தில் அயோடினை ஏற்றி, பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று காட்டினார்கள்; 2000இல் வேதியியல் பரிசு வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்று கடையில் கிடைக்கும் பாலிஅனிலின், மின்சாரம் கடத்தும் நிலையில் பச்சையாக இருக்கும். அதே குடும்பத்தின் பெடாட் நீலச் சாயலில் இருக்கும். உங்களிடம் காட்டிய பிங்க் ரோல் சாதாரண பாலிதீன், சோப்பு மாதிரியான ஒரு ரசாயனத்தைக் கலந்து ஊதியது. அந்த ரசாயனம் மெல்ல மேலே கசிந்து காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரத்தின் வழியாகத்தான் ஸ்டாட்டிக் வடிகிறது. பிங்க் நிறம் அடையாளத்துக்குப் போட்ட சாயம். பழவேற்காடு ஏரிக் காற்றில் உங்கள் குடோனில் நன்றாக வேலை செய்யும், ஏசி ஓடிக் காய்ந்து கிடக்கும் ஸ்டோருக்குப் போனதும் படுத்துவிடும். நாளானாலும் சக்தி குறையும்.

அதனால் லேப் ரிப்போர்ட்டில் முதலில் ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். 12 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்த பிறகு அளந்ததாக இருக்க வேண்டும். என் கைக்கு வரும் பல ரிப்போர்ட்டுகளில் அந்த வரியே இருப்பதில்லை, ரோல் நம்பரும் இருக்காது. பர்ச்சேஸ் ஆட்கள் சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஃபைலில் போடுகிறார்கள், அப்புறம் லாட் ரிஜெக்ட் ஆனால் நஷ்டம் உங்களைப் போன்ற சின்ன சப்ளையர் தலையில். இதை எத்தனை மீட்டிங்கில் சொல்லியும் யாரும் மாற்றவில்லை.

சரி, ஸ்டாட்டிக்குக்கு விற்கும் இன்னொரு வகை, கறுப்பு கவர். இதில் கலப்பது கார்பன் பிளாக் என்ற கரித்தூள். ஓடையைக் கடக்கக் கல் போடுவது போலத்தான்: பத்துக் கல் வேண்டிய இடத்தில் ஏழு போட்டால் கால் நனையாமல் அக்கரை போக முடியாது. கரித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவு சேர வேண்டும், பெரும்பாலும் எடையில் 10 சதவீதத்துக்கு மேல். குப்பைக் கவரில் நிறத்துக்காக 2, 3 சதவீதம்தான் போடுகிறார்கள், அது துளியும் கடத்தாது, பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ரீசைக்கிள் பாலிதீனை நடுவில் கலந்து விற்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள். ரோலின் நுனியை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டச் சொல்லுங்கள். அதன்மேல் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, அழுத்திப் பிடித்து, மல்டிமீட்டர் முனைகளை நாணயத்தில் தொடுங்கள். நல்ல கறுப்பு கவர் ஆயிரங்களில், மிஞ்சினால் சில பத்தாயிரம் ஓமில் நிற்கும். மீட்டரில் எண்ணே வராவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். பிங்க் கவருக்கு இந்தச் சோதனை உதவாது, நல்லதாக இருந்தாலும் மீட்டரில் எண் வராது, அதற்கு மிக அதிக ஓமை அளக்கும் தனி மீட்டர் வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். போர்டில் சின்ன பட்டன் பேட்டரி பொருத்தியிருந்தால் கறுப்பு கவர் அதன் இரண்டு முனையையும் தொட்டு, பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடும். போர்டு பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆன் செய்தால் கடிகாரமும் செட்டிங்கும் அழிந்திருக்கும், கவர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. ஓரிரு நாளில் தெரியாது, மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட போர்டுக்கு உள்ளே பிங்க், வெளியே ஸ்டாட்டிக் உள்ளே புகாமல் தடுக்கும் வெள்ளி நிற ஷீல்டிங் கவர் என்று போடுங்கள். ஆர்டர் எடுக்கும் முன்பே, பேட்டரி உள்ள மாடல் எது எது என்று கம்பெனியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.