லோச் மீன்களோடு எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: 4 அடித் தொட்டி (120×45×45 செ.மீ., சுமார் 240 லிட்டர்), தண்ணீர் 26 டிகிரி. உள்ளே 2 ஏஞ்சல், 12 நியான் டெட்ரா, ஒரு கப்பிக் கூட்டம், 6 கோரி (தரையில் மேயும் சிறு கெளுத்தி). இதில் லோச் விடலாமா, விட்டால் எது எதோடு ஒத்துப்போகும்?

விடலாம். குலி லோச் என்றால் ஏஞ்சலும் கோரியும் இருக்கட்டும், கப்பியையும் நியானையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். யோயோ, ஸீப்ரா வகையறா என்றால் ஏஞ்சலும் கப்பியும்தான் வெளியேற வேண்டும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டியிருக்கிறது.

அயிரைக்கு உறவான மீன்களை எல்லாம் கடையில் லோச் என்றே விற்கிறார்கள். ஆனால் அவற்றில் 5 செ.மீ. தாண்டாததும் உண்டு, 30 செ.மீ. வரை போவதும் உண்டு. 29 டிகிரியில் நிம்மதியாக இருப்பதும் உண்டு, 25 தாண்டினாலே மூச்சு வாங்குவதும் உண்டு. அதனால் "லோச்சுக்கு ஏற்ற துணை மீன்" என்று ஒரே பட்டியல் போட முடியாது. எந்த லோச் என்று முதலில் முடிவு செய்யுங்கள். துணை மீனைத் தேடும்போது வெப்பநிலையைப் பாருங்கள், பிறகு முழு வளர்ச்சியில் வரும் அளவை, கடைசியாகக் குணத்தை. பெரும்பாலானவர்கள் குணத்தில் ஆரம்பிக்கிறார்கள். "சாதுவான மீன்தானே" என்று சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏன் மெலிகிறது என்று கேட்கிறார்கள்.

எந்த வகையானாலும் அதற்கு முதல் துணை அதன் சொந்த இனம்தான். 5 அல்லது 6 குறைந்தபட்சம். இதில் பேரம் இல்லை. தனியாக விட்ட யோயோ ஒன்று தொட்டியில் உள்ள வேறொரு மீனையே நாள் முழுக்கத் துரத்தும். தனியாக விட்ட க்ளவுன் குகையை விட்டே வெளியே வராது. கூட்டமாக இருந்தால் யார் பெரியவன் என்ற சண்டையைத் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். அப்போது பக்கத்தில் நின்று கவனித்தால், மோதும் இரண்டும் சில நிமிடங்களுக்கு நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிடும், பட்டைகள் மங்கும், உடலோடு உடல் உரசி அதிரும், 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும். நோய் என்று பதறி மருந்து ஊற்றிவிடாதீர்கள். சண்டை முடிந்ததும் நிறம் திரும்பிவிடும். நாள்கணக்கில் வெளுத்தபடியே ஒன்று மூலையில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

போட்டியா (Botia) என்று அழைக்கப்படும் லோச் பிரிவை எடுத்துக்கொள்வோம்: யோயோ, ஸீப்ரா, க்ளவுன், குட்டை செயின் லோச். க்ளவுனை 5 செ.மீ. குட்டியாக விற்பதால் ஆசைப்பட்டு வாங்குவார்கள். சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் 30 செ.மீ. வரை வளர்கிற மீன் அது. தொட்டியில் 20–25 சாதாரணம், 20 வருடத்துக்கு மேலும் வாழும். ஆறு க்ளவுனுக்கு 6 அடித் தொட்டியாவது வேண்டும். உங்கள் 4 அடியில் குட்டியாக விட்டு "பிறகு மாற்றலாம்" என்பது திட்டம் ஆகாது. யோயோ 12–15 செ.மீ. வரும், ஸீப்ரா 8–9 செ.மீ.யோடு நிற்கும். 4 அடிக்கு என் ஓட்டு ஸீப்ராவுக்கு. போட்டியாக்களிலேயே வம்புக்குப் போகாத வகை அதுதான், 24–26 டிகிரி போதும்.

இவற்றுக்குத் துணையாக வேகமாக நீந்தும், குட்டைத் துடுப்புள்ள, தண்ணீரின் நடுவிலும் மேலும் இருக்கும் கூட்ட மீன்கள் சரிப்படும். டைகர் பார்ப் 8–10, செர்ரி பார்ப், ரெயின்போ மீன்கள், காங்கோ டெட்ரா, பெரிய டானியோ எல்லாம் நன்றாகப் பொருந்தும். தொட்டி 5 அடிக்கு மேல் என்றால் டெனிசன் பார்பும் யோயோவும் அருமையான ஜோடி. ஆனால் டெனிசன் 26 டிகிரிக்குள் இருப்பதையே விரும்பும் மீன், க்ளவுனுக்கு 27–29 வேண்டும். அதனால் அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். க்ளவுனோடு பெரிய தொட்டியில் டின்ஃபாயில் பார்ப், சில்வர் டாலர் பொருந்தும். இந்த மேல்மட்டக் கூட்டம் அழகுக்கு மட்டும் இல்லை. மேலே மீன்கள் பயமில்லாமல் திரிந்தால்தான் ஆபத்து இல்லை என்று கீழே இருக்கும் லோச் பகலில் தலை காட்டும்.

ஏஞ்சல், பைட்டர், நீள்வால் கப்பி, முத்து கௌராமி ஆகியவை போட்டியாக்களோடு வேண்டாம். ஏஞ்சலின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் இரண்டு இழைகளும் கௌராமியின் மீசை போன்ற இழைகளும் யோயோவுக்குப் புழுவாகத்தான் தெரியும். கடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஏமாற வேண்டாம், விளக்கை அணைத்த பிறகும் கடிக்கும். டிஸ்கஸுக்கும் க்ளவுனுக்கும் வெப்பநிலை பொருந்தும் என்பது உண்மை. ஆனால் டிஸ்கஸ் யோசித்து யோசித்துச் சாப்பிடுகிற மீன், க்ளவுன் பந்திக்கு முந்துகிற மீன். டிஸ்கஸ் மெலிந்து போகும்.

ஸ்கங்க் லோச் பற்றி ஒரு எச்சரிக்கை. 8–10 செ.மீ.தான், பார்க்க அப்பாவி. ஆனால் துடுப்பு கடிப்பதில் பெரிய மீன்களையும் விடாது. பொதுத் தொட்டிக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

குலி லோச் வேறு மாதிரி. 8–10 செ.மீ. நீளம், பென்சில் கனம்கூட இல்லாத உடம்பு, யாரையும் தொந்தரவு செய்யாது. அதற்குப் பிறரால்தான் ஆபத்து. 4–5 செ.மீ. குட்டியை வளர்ந்த ஏஞ்சல் புழு என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். உங்கள் தொட்டிக்கு 7 செ.மீ.க்குக் குறையாத குலியாகப் பார்த்து 8 வாங்குங்கள். 24–28 டிகிரி, மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீர். நடுநிலை வரை தாங்கிக்கொள்ளும். ராஸ்போரா, கார்டினல் டெட்ரா, ஹேட்செட், தேன் கௌராமி இவையெல்லாம் குலிக்கு நல்ல கூட்டாளிகள். உங்கள் தொட்டியில் மட்டும் டெட்ராவைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் இருக்கிறது: நியானோ கார்டினலோ, முழுதாக வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் போகிற அளவுதான். லோச் வராவிட்டாலும் அந்த 12-இன் எண்ணிக்கை ஒரு நாள் குறையத்தான் போகிறது. கப்பியை எடுக்கச் சொன்னதற்கும் அதே காரணம் பாதி. மீதி, கப்பிக்குக் கடினமான காரத் தண்ணீர் பிடிக்கும், குலிக்கு அது நேரெதிர்.

கோரியும் குலியும் ஒரே தரையில் இருக்கலாம், மணல் மென்மையாக இருக்கும்வரை. குலி மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் தள்ளித்தான் தீனி தேடும். கூரான சரளை போட்டால் இரண்டுக்குமே மீசை தேய்ந்து புண்ணாகும். 4–5 செ.மீ. ஆழத்துக்கு நுண்மணல் போதும். பில்டர் உறிஞ்சு குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் குலியை விடவே விடாதீர்கள். "குலி காணாமல் போய்விட்டது" என்ற புகாரில் பாதிக்கு விடை பில்டர் டப்பாவுக்குள் இருக்கும். மீதிக்கு விடை தொட்டிக்குப் பின்னால் தரையில் இருக்கும்: மூடியில் ஒயர் போகும் இடைவெளி அதற்குப் போதும். அந்த ஓட்டைகளையும் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள்.

குலியும் போட்டியாவும் ஒரே தொட்டியில் வேண்டாம். இரண்டும் லோச்தானே என்று சேர்ப்பார்கள். யோயோ இருக்கும் இடத்தில் குலிக்குத் தீனி மிஞ்சாது. அது மணலுக்குள் போனால் வெளியே வராது. பட்டினி கிடப்பது உங்கள் கண்ணிலேயே படாது.

அப்பிஸ்டோ, ராம் போன்ற குட்டை சிக்லிட்கள் குலியோடு மற்ற நாளில் பிரச்சினை செய்யாது. முட்டையிட்ட நாளில் தரை முழுவதும் தன்னுடையது என்று அடிக்கும். அடிபட்டாலும் இரவில் குலி வந்து முட்டையைத் தின்றுவிடும். இனப்பெருக்கம் உங்கள் நோக்கம் என்றால் இரண்டில் ஒன்றுதான்.

ஹில்ஸ்ட்ரீம் லோச் (செவெல்லியா, காஸ்ட்ரோமைஸன்) உங்கள் 26 டிகிரித் தொட்டிக்கு ஏற்றதல்ல. 20–24 டிகிரி, வேகமான ஓட்டம், நிறைய ஆக்ஸிஜன் வேண்டும். தொட்டித் தண்ணீர் மணிக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது பம்ப் வழியே சுழல வேண்டும். அதோடு வைட் க்ளவுட், டானியோ, செர்ரி இறால், நெரைட் நத்தை பொருந்தும். வெதர் லோச் எனும் டோஜோ 20 செ.மீ. தாண்டும், குளிர் தண்ணீர் மீன், 16–22 டிகிரி. கோல்டு ஃபிஷ்ஷோடு வைக்கத்தக்க லோச் இது ஒன்றுதான்; அந்த இருவருக்கும் பெரிய தொட்டி வேண்டும்.

தரையில் இடம் கேட்கும் மீன்களை லோச்சோடு போடும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. ரெட் டெயில் ஷார்க், ரெயின்போ ஷார்க் இரண்டும் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டு மற்றவரை விரட்டும். லோச்சுக்கும் அதே குகைதான் வேண்டும். 4 அடிக்குள் நான் இந்தச் சேர்க்கையைத் தவிர்ப்பேன். பிரிசில்நோஸ் பிளெக்கோ ஒன்று இருக்கலாம், யார் வம்புக்கும் போகாது. சைனீஸ் ஆல்கே ஈட்டரைப் பல இடங்களில் லோச் என்றே தருவார்கள். அது வேறு குடும்பம், 25 செ.மீ. வரை வளரும், பெரிதானதும் பாசியை விட்டுவிட்டுத் தட்டையான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும். ஏஞ்சல் உள்ள தொட்டியில் அது கூடவே கூடாது. ஆஸ்கர், கன்விக்ட் போன்ற பெரிய சிக்லிட்களும் வேண்டாம். லோச்சின் கண்ணுக்குக் கீழே நிமிர்த்தக்கூடிய ஒரு முள் இருக்கிறது. பெரிய மீன் வாயில் கவ்வியதும் அது நிமிர்ந்து தொண்டையில் குத்தி நிற்கும். தின்றதும் சாகும், தின்னப்பட்டதும் சாகும்.

நத்தையும் இறாலும்: போட்டியா இருந்தால் எல்லா நத்தையும் தீனிதான், ஆசையாக வாங்கிய மிஸ்டரி நத்தை உட்பட. இறாலும் அப்படியே. குலியோடு வளர்ந்த இறால் பிழைக்கும், குஞ்சுகள் சில போகும். நத்தையை ஒழிப்பதற்காக மட்டும் லோச் வாங்குவது வீண் வேலை. தீனியைக் குறைத்தாலே நத்தை குறையும்.

துணை மீனைத் தேர்வு செய்யும்போது பலர் மறப்பது மருந்து. லோச்சின் செதில்கள் மிக நுண்ணியவை, சில இடங்களில் இல்லவே இல்லை; அதனால் தாமிரம், மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகளைத் தாங்காது. வெள்ளைப் புள்ளி நோயும் முதலில் லோச்சுக்குத்தான் வரும், க்ளவுனுக்குக் கேட்கவே வேண்டாம். அப்போது (ஹில்ஸ்ட்ரீம், டோஜோ போன்ற குளிர் தண்ணீர் வகைகளுக்கு அல்ல) பாதுகாப்பான வழி, நாளுக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, கூடுதலாகக் காற்றுக் கல் போடுவது. தொட்டியில் இருக்கும் மற்ற மீன்கள் அந்த 30 டிகிரியைத் தாங்க வேண்டாமா? ஏஞ்சல், கார்டினல் தாங்கும். நியானும் குளிர் விரும்பும் கோரி வகைகளும் சிரமப்படும். சாதாரண நாளில் ஒத்துப்போகும் கூட்டம் நோய் வந்த வாரத்தில் ஒத்துப்போகாமல் போவது இப்படித்தான். மருந்து தவிர்க்க முடியாததானால் லேபிளில் உள்ள அளவில் பாதி.

தீனி விஷயத்தில் இரண்டு வேலை செய்தால் பாதிச் சண்டை குறையும். விளக்கு அணைப்பதற்கு முன் மேலே உள்ள மீன்களுக்கு மிதக்கும் தீனி. அணைத்து அரை மணி கழித்து மூழ்கும் பெல்லட்டை ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று இடத்தில் போடுங்கள். வாரம் ஒரு நாள் சிறிய டார்ச்சை ஓரமாகப் பிடித்து லோச்சின் முதுகைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது முதுகு கத்தி முனை போல ஒட்டியிருந்தால் துணை மீன்கள் அதன் பங்கைச் சாப்பிடுகின்றன, அல்லது வயிற்றில் ஒட்டுண்ணி இருக்கிறது. இயற்கை நீர்நிலைகளில் பிடித்து வரும் க்ளவுனும் குலியும் இப்படி வருவது சகஜம்; 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துத் தின்ன வைத்த பிறகே பொதுத் தொட்டி.

உங்கள் தொட்டிக்கு வரிசை இப்படி: கப்பி, நியானை மாற்றுங்கள். தரையை மணலாக்கி டிரிஃப்ட் வுட் (தண்ணீரில் ஊறிய மரக்கட்டை), குழாய்த் துண்டுகள், இலைத் தழை வைத்து, குலியின் எண்ணிக்கைக்கு மேல் ஒளிவிடம் இருக்கும்படி செய்யுங்கள். ஸ்பாஞ்சும் மூடியும் முடிந்த பிறகு 8 குலியையும் ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டு இறக்குங்கள். இரண்டு இரண்டாக வாங்கிச் சேர்த்தால் முதலில் வந்தவை பயந்து ஒளிந்தபடியே பழகிவிடும். நடுத்தண்ணீருக்கு ஏதாவது வேண்டுமென்றால், எம்பரர் டெட்ரா 8 போடலாம். பிளாக் விடோ போன்ற டெட்ரா ஏஞ்சலின் வாய்க்குள் அடங்காது என்றாலும் வேண்டாம், அது ஏஞ்சலின் இழையைக் கடிக்கும்.

குலியைப் பையிலிருந்து எடுக்கும்போது வலை வேண்டாம், டப்பாவால் மொண்டு எடுங்கள். கண் முள் வலையில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் பெரும்பாலும் தானே விடுவித்துக்கொள்ளும். முடியாவிட்டால் மீனைச் சுற்றி வலையைக் கத்தரித்து விடுங்கள்.